துணியில் காய்ந்த பச்சைக் கறை: பச்சிளங்குழந்தைகளின் அவசர அறுவைச் சிகிச்சையும் மதிக்கப்படாத சாட்சியமும்

பிறந்த நான்காம் நாள் விடியற்காலை 5 மணிக்கு அந்தக் குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தது. மறுநாள் காலை 7 மணிக்குத்தான் அறுவை அரங்கில் அதன் வயிறு திறக்கப்பட்டது. இடையில் கழிந்தவை 26 மணி நேரம். அதற்குள் சிறுகுடலின் பெரும்பகுதி கறுத்துச் செத்துப் போயிருந்தது. அடுத்த ஐந்தாம் நாள் குழந்தை இறந்தது.

தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் செங்கல் சூளையில் வேலை செய்யும் தலித் குடும்பம் அது. குடும்பத்தின் விருப்பப்படி பெயரையும் ஊரையும் மருத்துவமனைகளையும் இங்கே குறிப்பிடவில்லை. சட்ட உதவி கேட்டு அவர்கள் எங்களிடம் வந்தபோது, தாய் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து மடித்த துணியை எடுத்து மேசைமீது வைத்தார். குழந்தையைச் சுற்றியிருந்த பழைய வேட்டித் துண்டு. அதில் பச்சைக் கறை காய்ந்திருந்தது. "இதத்தான் சார் எல்லார்கிட்டயும் காட்டினேன்" என்றார்.

அந்தத் துணியை யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை, பார்க்க மறுத்ததற்குச் சட்டத்தில் என்ன பொருள் என்பதையே இங்கே ஆராய விரும்புகிறோம்.

நடந்தது என்ன?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம். எடை சரியாக இருந்தது. குழந்தை நன்றாகப் பால் குடித்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் விடியலில் முதல் வாந்தி. அக்கம்பக்கத்தில் "சீர் தட்டியிருக்கும்" என்றார்கள். தாய் கேட்கவில்லை. 7 மணிக்கெல்லாம் மீண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தார். "பால் சேரவில்லை, பால் கொடுத்ததும் தோளில் போட்டுத் தட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நண்பகலுக்குள் மேலும் இரண்டு முறை பச்சை வாந்தி. குடும்பம் தாலுகா மருத்துவமனைக்குப் போனது. சீட்டு எழுதும் இடத்தில் ஊர்ப்பெயரைச் சொன்னதும் வந்த அடுத்த கேள்வி, "ஊரா, காலனியா?" தாய் துணியை நீட்டினார். அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. "வயிறு மெத்தென்று இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்றார்கள். பின்னர் நாங்கள் பெற்ற புறநோயாளிச் சீட்டில் எழுதியிருந்தது ஒரே வரி: பால் கக்குதல். 'பச்சை' என்ற சொல் அதில் இல்லை.

மாலையில் மலத்தில் இரத்தம் கலந்து வந்தது. 2,200 ரூபாய்க்கு வாடகை வண்டி பிடித்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஓடினார்கள். இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "வாந்தி என்ன நிறம்?" துணியை வாங்கி விளக்கொளியில் பார்த்தார். அடுத்த சில நிமிடங்களில் குழந்தையின் வயிற்றுக்குள் மூக்குவழிக் குழாய் செலுத்தப்பட்டது. சிரைவழித் திரவம் ஏறியது. ஆனால் அங்கே குழந்தைகள் அறுவை நிபுணர் இல்லை. ஆம்புலன்ஸ் கிடைக்க நேரமானது. பெருநகர மருத்துவமனைக்கு முன்கூட்டித் தகவல் போகவில்லை. அதிகாலை 4 மணிக்கு அங்கே சேர்ந்த குழந்தை, புதிதாக வந்த நோயாளியைப் போல மறுபடியும் வரிசையில் நின்றது.

மூன்று படிகள் ஏறிய பிறகே ஒருவர் அந்தத் துணியைப் பார்த்தார்.

பச்சை நிறம் ஏன் முக்கியம்?

கருவில் வளரும்போது குடல் ஒரு குறிப்பிட்ட விதமாகச் சுழன்று, வயிற்றின் பின்சுவரில் அகலமாகப் பொருந்தி நிலைபெற வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்தச் சுழற்சி முழுமை பெறுவதில்லை. அப்போது நடுக்குடல் முழுவதும் ஒரு குறுகிய காம்பில் தொங்குகிறது. அந்தக் காம்பு முறுக்கிக்கொண்டால் அதனூடாகச் செல்லும் இரத்தக் குழாயும் நெரிபடுகிறது. இதுவே குடல் முறுக்கு. இரத்தம் நின்றுபோன குடல் சில மணி நேரங்களில் இறக்கத் தொடங்கும். பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே இது நிகழ்கிறது.

குழந்தை கக்கும் பால் வெள்ளையாக இருக்கும். பித்தநீர் சேர்ந்த வாந்தி பச்சையாக இருக்கும். பித்தநீர் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலில்தான் கலக்கிறது. அது மேலே திரும்பி வருகிறது என்றால் அதற்குக் கீழே வழி அடைபட்டிருக்கலாம். பச்சை வாந்தி எடுக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் குடல் முறுக்கு இருப்பதில்லை. ஆயினும் பிறந்த குழந்தையின் பச்சை வாந்தியை, வேறு காரணம் உறுதியாகும்வரை அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அவசர நிலையாகவே கருத வேண்டும் என்பது குழந்தை மருத்துவத்தின் அடிப்படைப் பாடம்.

இந்த நோயில் ஒரு பொறி உண்டு. தொடக்கத்தில் வயிறு வீங்குவதில்லை. தொட்டால் மெத்தென்றே இருக்கும். குழந்தையும் பார்வைக்கு நலமாகத் தோன்றும். வயிறு உப்பி, மலத்தில் இரத்தம் தெரியும் வேளையில் குடல் சாகத் தொடங்கியிருக்கும். ஆகவே காப்பாற்றக்கூடிய காலத்தில் கிடைக்கும் முதன்மையான சான்று, "பச்சையாக வாந்தி எடுத்தது" என்று தாய் சொல்லும் சொல். பின்னர் மீயொலிப் படமும் சாயம் கொடுத்து எடுக்கும் எக்ஸ்-ரேயும் அதை உறுதிசெய்யும். தாயின் சொல்லை யாரேனும் காதில் வாங்கினால்தான் அந்தச் சோதனைகளே நடக்கும்.

அறுவை முறையும் புதியதன்று. பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் வில்லியம் லாட் 1936-இல் விளக்கிய முறையே அடிப்படையில் இன்றும் பின்பற்றப்படுகிறது. முறுக்கைப் பிரித்து, குடலை அழுத்தும் பட்டைகளை அறுத்து, காம்பை அகலப்படுத்துகிறார்கள். இதற்குப் பெருவிலைக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பச்சிளங்குழந்தைக்கு மயக்கம் கொடுக்கத் தெரிந்தவர், குழந்தைகள் அறுவை நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு, பயிற்சி பெற்ற செவிலியர், இவற்றோடு நேரம் வேண்டும். நேரம் தவறி, சிறுகுடலின் பெரும்பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தால், அக்குழந்தை மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ சிரைவழி ஊட்டத்தை நம்பி வாழ வேண்டும். சூளைக் கூலியில் அது நடவாத காரியம்.

'எங்கே இருந்தாலும் இறந்திருக்கும்'

இத்தகைய மரணங்களில் நாங்கள் கேட்கும் முதல் மறுமொழி இது. பிறவிக் குறை, விதி, யாரால் என்ன செய்ய முடியும் என்பார்கள். 2021-இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில், பிறவிக் குடல் அடைப்பு, மலவாய் இன்மை, குடல் வயிற்றுக்கு வெளியே தள்ளியிருத்தல் உள்ளிட்ட ஏழு குறைகளோடு பிறந்த 3,849 குழந்தைகளை அது தொடர்ந்து கவனித்தது. இறந்தவர்கள் உயர் வருவாய் நாடுகளில் 5.6 விழுக்காடு, நடுத்தர வருவாய் நாடுகளில் 20.4 விழுக்காடு, குறைந்த வருவாய் நாடுகளில் 39.8 விழுக்காடு. நாம் பேசும் குழந்தையின் நோய் அந்த ஏழில் இல்லை. ஆனால் அதற்கும் வேண்டியது அதே அறுவை அரங்கும் அதே கைகளும்தான். நோய்கள் ஒன்றே, பிறந்த இடம்தான் வேறு.

நாட்டுக்கு நாடு உள்ள இந்த இடைவெளி, ஒரே நாட்டுக்குள் சாதிக்குச் சாதியும் இருக்கிறது. 2015–16-இல் நடந்த நான்காம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை பட்டியல் சாதியினரிடையே 45.2. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஆகிய எதிலும் சேராதவர்களிடையே 32.1. இது எல்லா நோய்களையும் சேர்த்த கணக்கு. அறுவைச் சிகிச்சை கிடைக்காமல் இறந்த குழந்தைகளைச் சாதிவாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு பொதுவெளியில் நம் கைக்குக் கிடைப்பதில்லை.

தமிழ்நாடு இதில் முன்னணி மாநிலம் என்பது உண்மை. 2019–21-இன் ஐந்தாம் ஆய்வில் இந்தியாவின் குழந்தை இறப்பு வீதம் 35.2 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 18.6. அரசு மருத்துவமனைகளின் செவிலியர்களும் மருத்துவர்களும் உழைத்துப் பெற்ற சாதனை அது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தொற்றும் பேறுகால இடர்களும் குறையக் குறைய, எஞ்சும் மரணங்களில் பிறவிக் குறைகளின் பங்கு கூடும். நாம் அடுத்து ஏற வேண்டிய படி இதுதான்.

சாதி எங்கே இருக்கிறது?

"அந்த மருத்துவமனையில் யாரும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டவில்லையே" என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். உண்மைதான். "ஊரா, காலனியா?" என்ற கேள்வியைத் தவிர வேறெதுவும் வெளிப்படையாக நடக்கவில்லை. இங்கே சாதி வசைச் சொல்லாக வரவில்லை. யாருடைய சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்ற, யாரும் வாய்விட்டுச் சொல்லாத அளவுகோலாக வந்தது.

குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவ சேவையைப் பற்றிச் சங்கமித்ரா ஆச்சார்யா 2010-இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தைக் கையில் படாமல் கொடுப்பதையும், தொட்டுப் பரிசோதிக்கத் தயங்குவதையும், தலித் குழந்தைகளுக்குக் குறைவான நேரம் ஒதுக்குவதையும் பதிவு செய்தது. வயிற்று நோயைத் தொடாமல் கண்டறிய முடியாது. வாந்தி படிந்த துணியைக் கையில் வாங்காமல் அதன் நிறத்தைப் பார்க்க முடியாது. தீண்டாமை வேறெங்கும் அவமானமாக முடியலாம். இங்கே அது நோயறிதலைத் தவறவிடுகிறது.

வன்கொடுமை வழக்குகளை நடத்துபவர்களுக்கு இது பழகிய காட்சி. பாதிக்கப்பட்டவர் சொன்னது ஒன்றாகவும் காவல் நிலையத்தில் எழுதப்பட்டது வேறாகவும் இருக்கும். அந்த அனுபவத்திலிருந்துதான் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், வாய்மொழியாகத் தரப்படும் தகவலை எழுதியபின், கையொப்பம் பெறுவதற்கு முன் அதைத் தகவல் தந்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்ற கடமையை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் சேர்த்தது. மருத்துவமனைச் சீட்டுக்கு அப்படியொரு கடமை இல்லை. 'பச்சை வாந்தி' என்ற சாட்சியம் 'பால் கக்குதல்' என மாற்றி எழுதப்பட்டபோது அதைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. தாய்க்கு அது என்ன மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுகூடத் தெரியாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955-இன் 5-ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் 2015-இல் சேர்க்கப்பட்ட உட்பிரிவு, மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைவதைத் தடுப்பதைத் தண்டிக்கிறது. இரண்டுமே வாசலில் நடக்கும் குற்றத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நம் வழக்கில் வாசல் திறந்தே இருந்தது. சீட்டும் கொடுத்தார்கள். பறிக்கப்பட்டது நேரம். அதைப் பறித்ததற்குச் சாதி காரணம் என்று ஒரு தனி மனிதர்மீது குற்றவியல் வழக்கில் நிறுவுவது மிகக் கடினம். மருத்துவர்கள்மீதான குற்றவியல் கவனக்குறைவு வழக்குகளுக்கு ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலும் உயரமானது. களைத்துப்போன ஒரு செவிலியரையோ பயிற்சி மருத்துவரையோ சிறைக்கு அனுப்புவது எங்கள் நோக்கமும் இல்லை.

நம் கையில் இருக்கும் வலுவான கருவி 1996-இல் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளர் சங்கம் பெற்றுத் தந்த தீர்ப்பு. 1992 ஜூலையில் ஹக்கீம் சேக் என்ற தொழிலாளி மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்றார். ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் 'வசதியில்லை', 'படுக்கையில்லை' என்று அவரைத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிச் சிகிச்சை பெற்றார். அவர் உறுப்பினராக இருந்த பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி உச்ச நீதிமன்றம் சென்றது. உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு காக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. நிதியில்லை என்று சொல்லி அரசு இக்கடமையிலிருந்து தப்ப முடியாது என்றது.

அத்தோடு நிற்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நோயாளியை நிலைப்படுத்தும் வசதி, மாவட்ட அளவில் சிறப்புச் சிகிச்சை, எங்கே படுக்கை இருக்கிறது என்று அறிந்து அங்கேயே நேரடியாக அனுப்ப மாநில அளவில் மையத் தகவல் தொடர்பு, உரிய கருவிகளோடு ஆம்புலன்ஸ் என ஒவ்வொன்றாகச் சொன்னது. நம் குழந்தை இழந்த 26 மணி நேரத்தை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் படியில் நிலைப்படுத்தவில்லை, மாவட்டத்தில் நிபுணர் இல்லை, பெருநகருக்குத் தகவல் போகவில்லை, ஆம்புலன்ஸ் தாமதம். தீர்ப்பு சொன்ன நான்கும் இங்கே தவறியிருக்கின்றன.

பட்டியலில் இல்லாத நோய்

திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், பிறந்து 30 நாட்களுக்குள் நோயுறும் குழந்தைக்குச் சிகிச்சையும் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பயணமும் இலவசம் என்று அறிவித்தது. பின்னர் அது ஓராண்டு வரை நீட்டிக்கப்பட்டது. அந்த 2,200 ரூபாய் வாடகை வண்டி அத்திட்டத்தின் கண்முன்னேதான் ஓடியது.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 30 உடல்நலக் குறைகளைப் பட்டியலிட்டுத் தேடுகிறது. அவற்றில் பிறவிக் குறைகள் ஒன்பது: நரம்புக் குழாய்க் குறை, டவுன் நோய்க்குறி, பிளவுபட்ட உதடும் அண்ணமும், வளைபாதம், இடுப்பு மூட்டுக் குறை, பிறவிக் கண்புரை, பிறவிச் செவிட்டுத்தன்மை, பிறவி இதய நோய், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய். ஒவ்வொன்றும் தேவையானதே. ஆனால் மணிக்கணக்கில் கொல்லக்கூடிய குடல் அடைப்பும், மலவாய் இல்லாமல் பிறத்தலும் அந்த ஒன்பதில் இல்லை. மலவாய் இருக்கிறதா என்று பார்க்க, பிறந்தவுடன் குழந்தையைத் திருப்பிப் பார்ப்பதே போதும். படிவத்தில் கட்டம் இல்லாததைக் கேட்க வேண்டும் என்று, வேலை மிகுந்த ஊழியருக்குத் தோன்றுவதில்லை.

தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. நல்லது. ஆனால் குழந்தைகள் அறுவை மருத்துவம் தனி உயர்சிறப்புப் படிப்பு. கல்லூரிக் கட்டடம் எழுந்ததும் அத்துறை தானாக முளைத்துவிடாது. எந்த மாவட்டத்தில் அந்த நிபுணர் இரவும் பகலும் இருக்கிறார், எங்கே இல்லை என்பதை அரசு வெளிப்படையாக அறிவித்தால், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நாம் கேட்பவை

ஒன்று: பிறந்த குழந்தையின் வாந்தி நிறமும், மலவாய்ப் பரிசோதனையும், 24 மணி நேரத்துக்குள் கருமலம் கழிந்ததா என்பதும் தாய்–சேய் அட்டையிலும் கிராம சுகாதார செவிலியரின் வீட்டுப் பார்வைப் படிவத்திலும் கட்டாயக் கேள்விகளாக வேண்டும். பச்சை எது, மஞ்சள் எது என்று காட்டும் ஒரு வண்ண அட்டையை ஒவ்வொரு தாய்க்கும் கொடுக்க அதிகச் செலவாகாது.

இரண்டு: பச்சை வாந்தி என்று தாய் சொன்னால், அவர் சொன்ன சொற்களிலேயே அது பதிவாக வேண்டும், மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவு அங்கேயே எடுக்கப்பட வேண்டும்.

மூன்று: அனுப்பும் மருத்துவமனை, பெறும் மருத்துவமனையோடு பேசி அறுவை அரங்கைத் தயார்ப்படுத்திய பிறகே குழந்தை புறப்பட வேண்டும். வயிற்றுக் குழாயும் திரவமும் உடற்சூட்டைக் காக்கும் ஏற்பாடும் இல்லாமல் எந்தக் குழந்தையும் வண்டியில் ஏறக்கூடாது.

நான்கு: முதல் அறிகுறியிலிருந்து அறுவை அரங்கு வரை ஆன நேரம் ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவாகி, பெயர்கள் நீக்கப்பட்டு, சாதி, மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். தாமதத்தில் சாதி இருக்கிறது என்று நாம் சொன்னால் நிரூபி என்கிறார்கள். நிரூபிக்கத் தேவையான கணக்கு அரசிடம் மட்டுமே உருவாக முடியும்.

களத்தில் இருக்கும் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய மரணம் நிகழும் வீட்டுக்குப் போனால் முதலில் நேரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது வாந்தி, எப்போது எந்த வாசல், யார் என்ன சொன்னார்கள். சீட்டுகள் அனைத்தையும் படமெடுத்து வையுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை ஒழுங்குமுறைகளின்படி, நோயாளி தரப்பு கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். உயிரோடு ஒரு குழந்தை பச்சையாக வாந்தி எடுக்கும் வீட்டில் இருந்தால், இவை எதையும் செய்யாமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் எல்லாருக்கும் கேட்கும்படி நிறத்தைச் சொல்லுங்கள்.

அந்தத் தாய்க்காக உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ரிட் மனு ஒன்றைத் தயாரித்து வருகிறோம். இழப்பீடு எவ்வளவு கேட்கலாம் என்று நாங்கள் கேட்டபோது அவர் தொகை எதுவும் சொல்லவில்லை. "அடுத்த பிள்ளைக்காவது அந்தத் துணியை வாங்கிப் பாக்கச் சொல்லுங்க" என்றார். மனுவின் முதல் இணைப்பாக அந்தத் துணியின் படத்தையும், அதன் அருகிலேயே 'பால் கக்குதல்' என்று எழுதிய சீட்டையும் வைத்திருக்கிறோம்.